டாம்கேட் ஓடுகிறது, ஆனால் எது?

மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சனிக்கிழமை காலை கிளம்பினேன். வீடு திரும்பியபோது ஞாயிறு இரவு பதினொன்றரை.

வேலை சின்னதுதான். ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கைச் செயலியைப் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்ற வேண்டும். 2016இல் எழுதியது. பாதி என் கை, மீதி எனக்கு முன்னால் இருந்தவர் கை. ஜாவா 8, ஜாவா வெப் செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட் 8.5. தரவுத்தளம் தனி மெஷினில் இருந்தது, அதைத் தொட வேண்டியதில்லை. எட்டு வருடமாக யாரும் கை வைக்காமல் ஓடிக்கொண்டிருந்த செயலி. ஆனால் டாம்கேட் 8.5க்கான ஆதரவு 2024 மார்ச் 31ஓடு முடிந்துவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதனால் டெபியன் 12 லினக்ஸ், ஜாவா 17, டாம்கேட் 10.1 என்று புது மெஷின் வந்தது. வார் ஃபைலை, அதாவது செயலி முழுவதையும் கட்டிய பொட்டலத்தை, தூக்கி டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால் முடிந்தது என்பது என் கணக்கு.

எனக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. டாம்கேட்டை அதன் தளத்திலிருந்து இறக்கி, என் ஹோம் ஃபோல்டரிலேயே விரித்து, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை ஓட்டிவிடுவேன். அன்றும் அப்படித்தான். பழைய சர்வரின் செட்என்வ் ஃபைலையும் கையோடு கொண்டுவந்து டாம்கேட்டின் 'பின்' (bin) ஃபோல்டரில் வைத்தேன், மெமரி அமைப்புகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன. ஸ்கிரிப்டை ஓட்டியதும் 'டாம்கேட் ஸ்டார்ட்டட்' என்று திரையில் வந்தது. பிரவுசரில் திறந்தால் 'இட் வொர்க்ஸ்!' என்ற பக்கமும் வந்தது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இதில் இரண்டு ஏமாற்று இருந்தது. அந்த 'ஸ்டார்ட்டட்' என்ற வரி, ஜாவா எழுந்து நின்றதா என்று பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. ஜாவாவைப் பின்னணியில் தள்ளிவிட்ட கையோடு ஸ்கிரிப்ட் அதை அச்சடித்துவிடுகிறது. அடுத்த நொடியே ஜாவா செத்து விழுந்திருந்தாலும் உங்கள் கண்ணில் படுவது அந்த ஒரு வரிதான். உண்மை லாக்ஸ் ஃபோல்டரில் உள்ள கேட்டலினா.அவுட் ஃபைலில் இருக்கும். திறந்து பார்த்தேன். மேக்ஸ்பெர்ம்சைஸ் என்று ஒரு ஆப்ஷனே எனக்குத் தெரியாது என்று ஜாவா கையை விரித்திருந்தது. ஜாவா 7 காலத்தில் பெர்ம்ஜென் என்று ஒரு மெமரிப் பகுதி இருந்தது. ஜாவா 8இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் அந்த ஆப்ஷனைக் கொடுத்தால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஜாவா 17 அந்தப் பெருந்தன்மையை நிறுத்திவிட்டது, கிளம்பவே மாட்டேன் என்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் ஏதோ ஒரு பழைய காலத்துக் குறிப்பைப் பார்த்து அந்த வரியைப் போட்டிருக்கிறார், நான் வாசிக்காமல் காப்பி அடித்திருக்கிறேன். அந்த வேலை முடிந்ததிலிருந்து, டாம்கேட்டை முதல் முறை ஓட்டும்போது ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டைத் தொடுவதே இல்லை. கேட்டலினா ஸ்கிரிப்டையே 'ரன்' என்று கொடுத்து ஓட்டினால் எல்லாப் புலம்பலும் கண் முன்னால், அதே திரையில் வரும்.

அன்று அந்த வரியை நீக்கிவிட்டு அதே ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன். பிராசஸ் பட்டியலில் ஜாவா இருந்தது. வார் ஃபைலைப் போட்டேன். அதை விரித்துப் பொருத்திவிட்டதாக லாகிலும் வந்தது. பிரவுசரில் மட்டும் 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று.

கொஞ்சம் பொறுங்கள். ஜாவா கிளம்பவே இல்லை என்றால் முதலில் வந்த 'இட் வொர்க்ஸ்!' பக்கத்தைக் கொடுத்தது யார்? இந்தக் கேள்வி எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் உதித்தது. அந்தப் பக்கம் டெபியன் தன் பேக்கேஜோடு சேர்த்துத் தருவது. நான் இறக்கிய டாம்கேட்டில் பூனைப் படம் போட்ட வேறு பக்கம் வர வேண்டும். எந்த போர்ட்டை, அதாவது இணைப்புகள் உள்ளே வரும் வாசல் எண்ணை, எந்த பிராசஸ் பிடித்திருக்கிறது என்று எஸ்எஸ் கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஓட்டிப் பார்த்தேன். டாம்கேட் வழக்கமாகப் பயன்படுத்தும் 8080ஐ வைத்திருந்தது டாம்கேட் என்ற பெயருள்ள இன்னொரு யூசர். கல்லூரியின் சிஸ்டம் அட்மினைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த மெஷின்ல ஏற்கெனவே ஒரு டாம்கேட் ஓடுதா?"

"ஆமா தம்பி, வியாழக்கிழமையே ஆப்ட்ல போட்டு வச்சிட்டேனே. நீங்க வந்து சிரமப்பட வேணாம்னுதான்."

நல்ல மனசுக்காரர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் டாம்கேட்டின் லாகை மேலே தள்ளிப் பார்த்தால், அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. போர்ட் கிடைக்காவிட்டால் டாம்கேட் நின்றுவிடும் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நிற்பதில்லை. அந்த போர்ட்டில் காத்திருக்க வேண்டிய கனெக்டரை மட்டும் கைவிட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கிளப்பி, செயலியையும் பொருத்தி, கடைசியில் சர்வர் இத்தனை மில்லிசெகண்டில் எழுந்தது என்று பெருமையாகவும் எழுதுகிறது. வாசல் இல்லாத கடை மாதிரி உள்ளே எல்லாம் நடக்கும், யாரும் நுழைய முடியாது.

சரி, அண்ணன் போட்டதையே வைத்துக்கொள்வோம் என்று என் டெர்மினலை மூடிவிட்டு அந்தப் பக்கம் போனேன். அவர் சொன்ன ஆப்ட், டெபியன் பேக்கேஜ்களை நிறுவும் கருவி. அப்படிப் பேக்கேஜாகப் போட்டால், சர்வீஸ்களைக் கிளப்பி மேய்க்கும் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும், ரீபூட் ஆனால் தானாக எழும். வார் ஃபைலை அதன் வெப்ஆப்ஸில் போட்டேன்.

மறுபடியும் 404. இந்த முறை லாகில் ஒரு பிழைகூட இல்லை.

பிழையோடு வரும் 404 பிரச்சினையே இல்லை, சத்தமில்லாத 404தான் ஆளைக் கொல்லும். வார் ஃபைலின் பெயர்தான் முகவரியில் வரும் பாதை, அதில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு என்பதெல்லாம் தெரிந்த விஷயம்தான், சரிபார்த்தாயிற்று. அப்புறம் சும்மா ஒரு யோசனையில், செயலிக்குள் இருக்கும் கல்லூரிச் சின்னத்தின் படத்தை நேராக முகவரியில் கொடுத்தேன். படம் வந்தது! உள்நுழையும் லாகின் பக்கத்துக்கு 404, படத்துக்கு இல்லை. அப்படியானால் செயலி பொருந்தியிருக்கிறது, உள்ளே இருக்கும் சர்வ்லெட்டுகளை, அதாவது பக்கங்களைத் தரும் ஜாவா வகுப்புகளைத்தான் டாம்கேட் பார்க்கவே இல்லை. 404 வந்தால் இன்றும் நான் முதலில் செய்வது இந்தப் படச் சோதனைதான். படமும் வரவில்லை என்றால் பாதையிலோ பொருத்தியதிலோ கோளாறு. படம் வந்து பக்கம் வராவிட்டால் கோளாறு சர்வ்லெட் பதிவில்.

காரணம் ஒரு பெயர் மாற்றம். ஜாவா இஇ என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த, சர்வர் பக்க ஜாவாவின் வரையறைகளை ஆரக்கிள் 2017இல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆனால் ஜாவாக்ஸ் என்ற முன்னொட்டை வைத்துக்கொண்டு அவர்கள் அதில் மாற்றங்கள் செய்ய முடியாது என்று ஆகிவிட்டது. அதனால் 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9இல் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் முழுவதும் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆனது. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10இலிருந்து புதுப் பெயர். நம் செயலியின் சர்வ்லெட்டுகள் எல்லாம் அன்னோட்டேஷன் (நிரலிலேயே ஒட்டும் குறிப்பு) வைத்துப் பதிவானவை. டாம்கேட் 10 புதுப் பெயர் கொண்ட அன்னோட்டேஷனைத் தேடுகிறது, பழைய பெயரோடு இருப்பது அதன் கண்ணுக்கு யாரோ ஒட்டிய துண்டுச் சீட்டு. பிழை சொல்லவும் அதற்குக் காரணம் இல்லை. செயலியின் அமைப்பு ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்லில் பெயர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் அந்த வகுப்பை ஏற்ற முயன்று, ஜாவாக்ஸ் காணோம் என்று கத்தியிருக்கும், நானும் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். நவீனமாக எழுதியதற்குக் கிடைத்த பரிசு.

சோர்ஸில் போய் ஜாவாக்ஸை எல்லாம் ஜகார்த்தா என்று மொத்தமாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். நான் செய்தேன். ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.நேமிங் போன்றவை ஜாவாவோடு வருபவை, அவற்றின் பெயர் மாறவே இல்லை. என் மாற்றத்துக்குப் பிறகு எதுவுமே கம்பைல் ஆகவில்லை. டாம்கேட் திட்டத்திலேயே இதற்கென்று ஒரு மைக்ரேஷன் கருவி தருகிறார்கள். பழைய வார் ஃபைலைக் கொடுத்தால், உள்ளிருக்கும் நூலகங்களையும் சேர்த்து மாற்றிப் புது வார் ஃபைல் தரும். ஒரே கட்டளை, சில நொடிகள். புதுப் பதிப்புக்கு மாற அவசரம் இல்லை என்றால் டாம்கேட் 9ஐப் போட்டுப் பழையதை அப்படியே ஓட்டுவதும் தப்பில்லை. அண்ணன் ஏற்கெனவே 10ஐப் போட்டுவிட்டதால் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாற்றிய வார் ஃபைலைப் போட்டதும் இன்னொரு 404. ஆனால் இந்த முறை லாகில் ஒரு வரி வந்திருந்தது. ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ லிஸனர்கள் (செயலி எழும்போது ஓடும் பகுதிகள்) தொடங்கத் தவறின, முழு விவரம் உரிய லாக் ஃபைலில் இருக்கும். இந்த வரியைப் பார்த்து எத்தனை பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் முன்பு ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். எது அந்த உரிய லாக் ஃபைல்? கேட்டலினா.அவுட் இல்லை. அதே லாக்ஸ் ஃபோல்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியோடு இன்னொரு ஃபைல் இருக்கும். பெயரைப் பார்த்துவிட்டு யார் வந்து போனார்கள் என்ற அக்சஸ் லாக் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். செயலி எழும்போது விழுந்த அடியெல்லாம் அதில்தான் பதிவாகிறது. திறந்தால் மைஎஸ்க்யூஎல் டிரைவர் கிடைக்கவில்லை என்று முழு விவரமும் இருந்தது. டிரைவர் ஜார் வார் ஃபைலுக்குள் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் யாரோ, அநேகமாக நானேதான், அதைப் பழைய டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். எடுத்து இங்கே போட்டதும் லாகின் பக்கம் வந்தது. அப்போது சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. கேண்டீன் மூடிவிட்டதால் இரவுச் சாப்பாடு வாழைப்பழம்.

ஞாயிறு காலை புகைப்படப் பதிவேற்றம். மாணவர் படத்தைப் போட்டால் பிழை. படங்களுக்கென்று தனி ஃபோல்டர் வைத்திருந்தோம். அதன் உரிமையாளரை டாம்கேட் யூசருக்கு மாற்றினேன். ஆகவில்லை. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்று 777 கொடுத்தேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அதற்கும் ஆகவில்லை. பிழையை நிதானமாக வாசித்தபோதுதான் தெரிந்தது, அது 'அனுமதி இல்லை' என்று சொல்லவே இல்லை. 'ஃபைல் சிஸ்டம் ரீட் ஒன்லி' என்று சொல்கிறது. அதே டிஸ்கில் நான் ரூட்டாக எழுதினால் எழுதுகிறதே என்று குழம்பினேன். பூட்டு சிஸ்டம்டியில் இருந்தது. டெபியனின் டாம்கேட் சர்வீஸ் ஒரு வேலிக்குள் ஓடுகிறது. அதன் வெப்ஆப்ஸ், லாக் ஃபோல்டர் போல ஓரிரு இடங்களைத் தவிர மீதி டிஸ்க் முழுவதும் அந்த பிராசஸின் கண்ணுக்கு வாசிக்க மட்டுமே. சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு, சர்வீஸ் பகுதியில் ரீட்ரைட்பாத்ஸ் என்று நம் ஃபோல்டரையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. 777ஐ மறக்காமல் திரும்ப எடுத்துவிடுங்கள். நான் மூன்று நாள் கழித்துத்தான் எடுத்தேன்.

அப்புறம் தமிழ். இந்தச் செயலியில் மாணவர் பெயர் தமிழிலும் உண்டு. திரையில் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் வகுப்புப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக இறக்கினால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறி வரிசை. முருகன், கண்ணகி, அப்துல் எல்லோரும் ஒரே கேள்விக்குறிக் குடும்பம்.

தமிழ் உடைந்தால் எப்படி உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2016இல் முதன்முதலாக நிறுவியபோதும் உடைந்தது, ஆனால் வேறு விதமாக. அப்போது தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவு பெற்ற வணிகச் சின்னக் குறியும் மாறி மாறி வந்தன. அது தமிழுக்கே உரிய கைரேகை. எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டில் ஒன்று. அதை லத்தீன் எழுத்துக் குறியீடு என்று தப்பாக வாசித்தால் முதல் பைட் அந்தக் கோடு போட்ட 'ஏ', இரண்டாவது வட்ட 'ஆர்' அல்லது மேலே ஒரு சின்னக் கோடு. அந்தக் குப்பை வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, வாசிக்கும் இடத்தில்தான் தப்பு. அந்தக் காலத்து டாம்கேட், ஃபார்மில் போஸ்ட்டாக வருவதை லத்தீன் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு ஃபில்டர் போட்டுச் சரிசெய்தோம். டாம்கேட் 10இல் அந்த அமைப்பே யூடிஎஃப்-8ஆக வருகிறது.

கேள்விக்குறி வந்தால் கதை வேறு. எழுதும் இடத்தில் தமிழுக்கு இடமில்லாமல் எழுத்தையே தூக்கி எறிந்துவிட்டு '?' போட்டிருக்கிறது. அந்த ஃபைலிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. நல்லவேளை, எங்களுக்கு அது வெறும் பட்டியல், மூலம் தரவுத்தளத்தில் இருந்தது. அதே '?' தரவுத்தளத்துக்குள் போயிருந்தால் ஒவ்வொரு மாணவரையும் கூப்பிட்டுப் பெயர் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் ஏன் இப்போது? பட்டியல் எழுதும் பகுதியை மட்டும் தனி ஜாவா நிரலாக்கி சர்வரிலேயே கையால் ஓட்டினேன். தமிழ் அழகாக வந்தது. அதே நிரல்பகுதி டாம்கேட்டுக்குள் ஓடினால் கேள்விக்குறி. அரை நாள் போனது இதில்தான். சிஎஸ்வியை எழுதும் இடத்தில் ஃபைல்ரைட்டர் என்று மட்டும் இருந்தது, எந்தக் குறியீட்டில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஜாவா 17 இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவெடுக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக நான் உள்ளே போகும்போது என் லேப்டாப்பின் மொழி அமைப்பும் கூடவே சர்வருக்குள் வந்துவிடுகிறது, அது யூடிஎஃப்-8. சிஸ்டம்டி கிளப்பும் டாம்கேட்டுக்கு அந்த பாக்கியம் இல்லை. அந்த மெஷினில் மொழி அமைப்பே வைக்காததால் அதற்குத் தெரிந்தது வெறும் ஆஸ்கி, ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடமுள்ள குறியீடு. ஜாவா 18இலிருந்து, எதுவும் சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8தான் என்று மாற்றிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது 17. ஒரே ஒரு எண் தள்ளி.

டாம்கேட்டின் ஜாவா ஆப்ஷன்களில் ஃபைல் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வைத்ததும் உடனடியாகச் சரியானது. சர்வர் மறுபடி மாறினால் மறுபடி உடையுமே என்று நிரலிலும் திருத்தினேன். லேப்டாப்பில் கம்பைல் செய்து கொண்டுவந்தால் புதுப் பிழை. வகுப்பின் பதிப்பு எண் 65, எனக்கு 61 வரைதான் தெரியும் என்றது. இந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு வந்துவிடும். 65 என்றால் 21, 61 என்றால் 17, பழைய 52 என்றால் 8. என் லேப்டாப்பில் ஜாவா 21. கம்பைலரிடம் 17க்கு என்று சொல்லி மறுபடி கட்டினேன்.

கடைசியாக முன்னால் நிற்கும் வெப் சர்வர். பழைய இடத்தில் அது 8009 போர்ட்டில் ஏஜேபி என்ற நெறிமுறை வழியாக டாம்கேட்டோடு பேசியது. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளியானதிலிருந்து அந்தக் கனெக்டரை டாம்கேட் தானாகத் திறப்பதில்லை. திறந்தாலும் ரகசியச் சொல் கேட்கும். நாங்கள் ஏஜேபியைத் தலைமுழுகிவிட்டு சாதாரண ஹெச்டிடிபி ப்ராக்ஸியாக மாற்றிக்கொண்டோம். நடுவில் மெத்தட் பெயரில் செல்லாத எழுத்து, 16, 03, 01 என்று லாகில் ஏதோ வந்து அண்ணன் யாரோ ஹேக் செய்கிறார்கள் என்று பதறினார். ஹெச்டிடிபி மட்டும் பேசும் 8080 போர்ட்டில் யாராவது ஹெச்டிடிபிஎஸ் போட்டுத் தட்டினால் இப்படித்தான் வரும். தட்டியவர் அவரேதான், பிரவுசரில்.

திங்கட்கிழமை சேர்க்கை நடந்தது, யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, மெமரி பத்தலைன்னு காட்டுது. நாலு ஜிபி மெஷின்தான், ஆனா ஒரே ஒரு செயலிதானே ஓடுது?" உள்ளே போய் பிராசஸ் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு ஜாவா. ஒன்று டாம்கேட் யூசருடையது. இன்னொன்று என் பெயரில், பதினைந்து நாளாக, எந்தப் போர்ட்டிலும் யாருக்கும் பக்கம் கொடுக்காமல் என் ஹோம் ஃபோல்டரில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. டெர்மினலை மூடினால் அதுவும் போய்விடும் என்று நினைத்திருக்கிறேன்.

"என்ன தம்பி, கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமாண்ணே, ஏதோ பழைய பிராசஸ் ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை.